மூளைக் காய்ச்சலை அறிவோம்

மலர்க் குழுவினர் இவ்வாண்டும் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். முன்னைய மலர்களில் திருவிழாக்களைப் பற்றியும் பினாங்கின் பழைய தமிழ்ப் பள்ளிகளைப் பற்றியும் எழுதியவன், இம்முறை ஒரு நோயைப் பற்றி எழுத முன்வந்ததற்குக் காரணம் உண்டு. நமது அறநிதியிலிருந்து உதவி வேண்டி வந்த விண்ணப்பங்களைச் செயற்குழு பரிசீலித்தபோது, காது கேளாத குழந்தை ஒன்றுக்குக் கருவி வாங்க உதவி கேட்டு ஒரு கடிதம் இருந்தது. காரணம் என்ற இடத்தில் 'மூளைக் காய்ச்சல்' என்று இரண்டே சொற்கள். கூட்டத்தில் ஒருவர் அது பரம்பரை நோயா என்றார். ஒருவர் கொசுவால் வருவது என்றார். இன்னொருவர், அந்தக் குழந்தையை மற்றப் பிள்ளைகளோடு பழக விடலாமா என்றே கேட்டுவிட்டார். உதவி ஒருமனதாக வழங்கப்பட்டது. ஆயினும் நாலெழுத்துப் படித்தவர்கள் கூடிய அவையிலேயே இத்தனை குழப்பம் என்றால், வீட்டில் தனியே குழந்தையை வைத்துக்கொண்டு நள்ளிரவில் தவிக்கும் ஓர் இளந்தாய்க்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்ற எண்ணம் எனக்கு ஏற்பட்டது.

நான் மருத்துவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகை முன் நின்றவன். மருத்துவராகப் பணிபுரியும் என் பழைய மாணவி ஒருவரிடம் பலமுறை கேட்டுத் தெளிந்தவற்றையும் படித்தவற்றையும் பாடம் நடத்தும் பழக்கத்தில் இங்கே வரிசைப்படுத்துகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தாமே வைத்தியம் பார்க்க முற்பட வேண்டாம். எப்போது ஓட வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒரே பெயர், இரண்டு நோய்கள்

நாம் பேச்சு வழக்கில் மூளைக் காய்ச்சல் என்று சொல்வது உண்மையில் இரண்டு வெவ்வேறு நோய்களைக் குறிக்கும். ஒரு தேங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடு போல மண்டையோடு. ஓட்டுக்குள் பருப்பைப் போர்த்தியிருக்கும் பழுப்புநிறத் தோல் போல, மூளையையும் முதுகுத் தண்டையும் மூன்று மெல்லிய உறைகள் போர்த்தியிருக்கின்றன. அந்த உறைகளுக்கிடையே தெளிந்த நீர் ஓடுகிறது. (தேங்காயில் நீர் நடுவில் இருக்கும், தலையிலோ மூளைக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கும். உவமை அந்த அளவுக்குப் பொருந்தாது.) இந்த உறைகளில் கிருமி புகுந்து அழற்சி உண்டானால் அது மூளையுறைக் காய்ச்சல். மருத்துவர்கள் மெனிஞ்சைட்டிஸ் என்பார்கள். பருப்பையே, அதாவது மூளையையே தாக்கினால் அது மூளை அழற்சி. அதனை என்செபலைட்டிஸ் என்பார்கள்.

மலேசியர்களாகிய நாம் இரண்டாவது வகையை மறக்க முடியாது. 1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பேராக் மாநிலத்தில் ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் கடும் காய்ச்சலும் மயக்கமும் கண்டு மடியத் தொடங்கினர். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளை அழற்சி என்றே முதலில் முடிவு செய்து, கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். ஆயினும் நோய் நிற்கவில்லை. நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா பகுதிகளுக்கும் பரவியது. 1999ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா கா பிங், நோயாளியின் முதுகுத் தண்டு நீரிலிருந்து அதுவரை உலகம் அறியாத ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பாவின் பெயரே அதற்கு இடப்பட்டது. நம் நாட்டில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தனர். பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் கொல்லப்பட்ட பிறகே நோய் அடங்கியது. கொசுவின்மீது பழிபோட்டிருந்த அத்தனை மாதங்களுக்கும் முடிவு கட்டியது ஒரு சிறு குப்பி நீர் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அந்த நீரைப் பற்றிப் பின்னர் பேச வேண்டியிருக்கிறது.

இக்கட்டுரையின் பொருள் முதலாவது வகை. அதிலும் வைரஸால் வருவது, காளானால் வருவது எனப் பிரிவுகள் உள்ளன. வைரஸால் வரும் மூளையுறைக் காய்ச்சல் பெரும்பாலும் தானாகவே குணமாகிவிடும். பாக்டீரியா என்னும் நுண்ணுயிரால் வருவதுதான் மணிக்கணக்கில் ஆளைக் கொல்லக்கூடியது. அதுவே மருந்துக்கு நன்கு கட்டுப்படக்கூடியதும் ஆகும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 25 லட்சம் பேருக்கு மூளையுறைக் காய்ச்சல் கண்டது. அவர்களில் 16 லட்சம் பேருக்கு அது பாக்டீரியாவால் வந்தது. அவ்வாண்டில் இந்நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 240,000 பேர். பாக்டீரியா வகை கண்டவர்களில் ஆறு பேருக்கு ஒருவர் இறக்கிறார். ஐவரில் ஒருவருக்குக் கடுமையான ஊனம் மிஞ்சுகிறது.

கிருமி எங்கிருந்து வருகிறது?

வெளியூரிலிருந்து வருவதில்லை, நம் மூக்கிலும் தொண்டையிலும்தான் குடியிருக்கிறது. நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சா பி வகை ஆகிய மூன்றும் முக்கியமானவை. நூறு பேரைப் பரிசோதித்தால் ஏறக்குறைய பத்துப் பேரின் தொண்டையில் மெனிங்கோகாக்கஸ் இருக்கும், அவர்களுக்கு ஒரு தொல்லையும் இராது. இருமல், தும்மல், எச்சில், நெருங்கிப் பழகுதல் ஆகியவற்றால் கிருமி ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செல்கிறது. பெரும்பாலோருக்கு அத்துடன் சரி. ஒரு சிலரின் உடலில் மட்டும் அது தொண்டையின் தடுப்பைத் தாண்டி இரத்தத்தில் கலந்து, இரத்தத்தோடு பயணம் செய்து மூளையுறையை அடைகிறது. அங்கே அதை எதிர்க்கும் காவலர் குறைவு. ஆகவே மளமளவெனப் பெருகுகிறது. உடல் தாமதமாக விழித்துக்கொண்டு படையெடுத்து வரும்போது சீழும் வீக்கமும் உண்டாகின்றன. மண்டையோடு விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது, மூளைக்குப் போகும் இரத்தம் குறைகிறது. கிருமி செய்யும் கேட்டில் ஒரு பங்கு, கிருமியை எதிர்க்க உடல் நடத்தும் போரினாலேயே விளைகிறது என்று மருத்துவர் விளக்கியபோது எனக்கு வியப்பாக இருந்தது.

பச்சிளங் குழந்தைகளுக்கு வேறு கிருமிகள். பிரசவத்தின்போது தாயின் பிறப்புப் பாதையிலிருந்து வரும் பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸும், குடலில் வாழும் ஈ.கோலையும் முதன்மையானவை. முதியவர்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும், மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைவு. நம் சமூகத்தில் இனிப்புநீர் இல்லாத வீடு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

காதையும் இங்கே சொல்ல வேண்டும. காதிலிருந்து நாட்கணக்கில் சீழ் வடிந்தால், எண்ணெய் காய்ச்சி ஊற்றிப் பஞ்சு வைத்து அடைத்துவிடும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. உட்காதுக்கும் மூளையுறைக்கும் நடுவே இருப்பது மெல்லிய எலும்புதான். அந்தச் சீழ் உள்நோக்கிப் போகவும் வழி உண்டு. எண்ணெய் தலைக்கு நல்லது, காதுக்கு வேண்டாம்.

காசநோய்க் கிருமியும் மூளையுறையைத் தாக்கும். இது மற்றவைபோல் பாய்ந்து வராது. ஒரு வாரம், இரண்டு வாரம், சில சமயம் அதற்கும் மேலாக மெல்லிய காய்ச்சல், சோர்வு, தலைவலி, எரிச்சல் என்று ஊர்ந்து வரும். வேலைக் களைப்பு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். பிறந்தவுடன் குழந்தையின் தோளில் போடும் பி.சி.ஜி. ஊசி, முதன்மையாகச் சிறு குழந்தைகளை இந்தக் கொடிய வகையிலிருந்து காப்பதற்காகவே போடப்படுகிறது. நம் நாட்டில் 1961ஆம் ஆண்டு தொடங்கிய திட்டம் அது. நம்மில் பலர் தோளில் உள்ள வடுவுக்குப் பொருள் அதுதான்.

அடையாளங்கள்

பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் திடீர்க் காய்ச்சல், இதுவரை கண்டிராத தலைவலி, வாந்தி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, கழுத்து விறைப்பு ஆகியவை தோன்றும். முகவாயை நெஞ்சில் தொடச் சொன்னால் தொட இயலாது. சற்று நேரத்தில் பேச்சு குழறும், ஆளை அடையாளம் தெரியாது, தூக்கம் கவ்வும். வலிப்பும் வரலாம். எல்லா அடையாளங்களும் ஒருசேர வரும் என்று காத்திருக்கக் கூடாது. காய்ச்சலோடு அறிவு மயங்குகிறது என்ற ஒன்றே போதும், வண்டியை எடுக்க வேண்டியதுதான்.

கைக்குழந்தைகளிடம் கழுத்து விறைப்பைத் தேடிப் பயனில்லை, பெரும்பாலும் இருக்காது. சில சமயம் காய்ச்சலே இராது, உடம்பு குளிர்ந்து கிடக்கும். குழந்தை பால் குடிக்க மறுக்கும். தூக்கினால் துணிபோலத் துவளும், அல்லது விறைத்துக்கொள்ளும். வழக்கமான அழுகையாக இல்லாமல் கீச்சென்று ஓயாத அழுகை. தாய் மடியில் எடுத்து அணைத்தால் அடங்க வேண்டிய அழுகை, அணைத்தால் கூடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக உச்சிக்குழி. குழந்தை அழாமல் நிமிர்ந்திருக்கும்போது தட்டையாகவோ சற்றே பள்ளமாகவோ இருக்க வேண்டிய உச்சிக்குழி, மேடாகப் புடைத்து நின்றால் உள்ளே அழுத்தம் ஏறிவிட்டது என்று பொருள். நம் பாட்டிமார்கள் குழந்தையைக் குளிப்பாட்டி எண்ணெய் வைக்கும்போது விரல் தானாக அந்த இடத்துக்குப் போகும். அந்த விரலுக்குத் தெரியும் செய்தியை அலட்சியம் செய்யக் கூடாது.

இந்த இடத்தில்தான் நம் வீடுகளில் நேரம் வீணாகிறது. மாந்தம் என்பார்கள், பார்வை பட்டது என்பார்கள், பயந்த கோளாறு என்பார்கள். திருஷ்டி கழிப்பதை நான் பழிக்க வரவில்லை. என் பேரப்பிள்ளைகளுக்கும் என் மனைவி உப்பு மிளகாய் சுற்றிப் போடுகிறார். ஆனால் அதற்கு இரண்டு நிமிடம் போதும், அதுவும் காரை வெளியே எடுக்கும் நேரத்திற்குள். மந்திரிப்பவர் வீடு, பிறகு தெரிந்தவர் சொன்ன இன்னொருவர் வீடு, பிறகு பக்கத்துக் கிளினிக், மறுநாள் காலையில் பெரிய மருத்துவமனை என்ற வரிசைதான் கூடாது. வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிப்பதும் வாயில் கரண்டியை நுழைப்பதும் வேண்டாம். பக்கவாட்டில் படுக்க வைத்து, 999ஐ அழைக்கவும்.

மெனிங்கோகாக்கஸ் இரத்தத்தில் பெருகினால் தோலில் சிவப்பு அல்லது ஊதா நிறப் புள்ளிகள் தோன்றும். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. தெளிந்த கண்ணாடித் தம்ளர் ஒன்றின் பக்கத்தைப் புள்ளிமேல் அழுத்திப் பார்க்கவும். சாதாரணத் தடிப்பு அழுத்தத்தில் மறைந்துவிடும். இது மறையாது. நம்முடையது கறுத்த மேனி, புள்ளி எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம் ஆகிய இடங்களில் பார்க்க வேண்டும். டெங்கிக் காய்ச்சலிலும் இப்படிப் புள்ளிகள் வரும். பினாங்கில் காய்ச்சல் என்றவுடன் எல்லார் வாயிலும் டெங்கி என்றே வருகிறது. எதுவாயினும், அழுத்தியும் மறையாத புள்ளியோடு காய்ச்சல் இருந்தால் போக வேண்டிய இடம் ஒன்றேதான்.

இன்னொன்று. முந்திய நாள் கிளினிக்கில் கொடுத்த மாத்திரை, மருந்துப் பாட்டில் எதுவாயினும் உறையோடு கையில் எடுத்துச் செல்லுங்கள். அதில் நுண்ணுயிர்க்கொல்லி இருந்திருந்தால், நோய் அரைகுறையாக அடங்கி ஒளிந்துகொண்டிருக்கும், பரிசோதனையில் கிருமி வளராது. அதைத் தெரிந்துகொண்டால்தான் மருத்துவர் சரியாகக் கணிக்க முடியும். அண்ணனுக்கு மிச்சமிருந்த மருந்தைத் தம்பிக்குக் கொடுக்கும் வழக்கத்தையும் இதே காரணத்தால் விட்டொழிக்க வேண்டும்.

முதுகில் ஊசி: அச்சமும் உண்மையும்

மருத்துவமனையில் சேர்த்ததும் இரத்தம் எடுப்பார்கள். பிறகு பெற்றோரிடம் ஒரு தாளை நீட்டி, முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுக்கக் கையெழுத்துக் கேட்பார்கள். பல குடும்பங்கள் அங்கேதான் முரண்டு பிடிக்கின்றன. "முதுகில் ஊசி குத்தினால் கால் விளங்காமல் போய்விடும்" என்று யாரோ ஒரு பெரியவர் சொல்லிவிடுவார். சிறு குழந்தையின் வேதனையைப் பார்க்கப் பொறுக்காமல் தகப்பன் கையெழுத்திட மறுத்துவிடுவார். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இந்த முறையை ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிச் குவின்கே 1891ஆம் ஆண்டில் கொண்டுவந்தார். நூற்றாண்டுக்கு மேலாக உலகெங்கும் நாள்தோறும் செய்யப்பட்டு வருகிறது. முதுகெலும்பு இடுப்பு வரை நீண்டிருந்தாலும், உள்ளே இருக்கும் தண்டு அதுவரை நீள்வதில்லை. பெரியவர்களுக்கு இடுப்பு முள்ளெலும்புகளில் முதலாவது, இரண்டாவது அளவிலேயே அது முடிந்துவிடுகிறது. பச்சிளங் குழந்தைக்கு இன்னும் சற்றுக் கீழே. அதற்கும் கீழே வெறும் நீரும், அதில் மிதக்கும் நரம்பு இழைகளும்தான். ஊசி நுழைவது அந்தக் கீழிடத்தில். தண்ணீரில் மிதக்கும் நூல்களுக்கிடையே ஒரு குச்சியை விட்டால் நூல்கள் ஒதுங்கிக்கொள்வதைப் போல அவை ஒதுங்கிக்கொள்ளும். கால் முடமாகும் என்ற பேச்சு எப்படி வந்திருக்கும் என்றும் கேட்டேன். நோய் முற்றிய பிறகு கொண்டுவரப்பட்டவர்களுக்கு நோயினாலேயே கை கால் விழுந்திருக்கும், பழி ஊசியின்மேல் விழுந்திருக்கும் என்றார் மருத்துவர். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

நீரை எடுத்துவிட்டால் மூளை வற்றிப்போகாதா என்பது இன்னொரு கேள்வி. பெரியவர் ஒருவரின் உடலில் இந்நீர் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் இருக்கிறது. ஒரு நாளில் சுமார் 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரக்கிறது. எடுப்பதோ சில மில்லிலிட்டர், குழந்தைகளிடம் அதனினும் குறைவு. அடுத்த மணி நேரத்திற்குள் உடல் அதை ஈடு செய்துவிடும். சிலருக்கு இரண்டொரு நாள் தலைவலி இருக்கலாம். உள்ளே அழுத்தம் மிகுதியாக இருக்கிறது என்ற ஐயம் ஏற்பட்டால், மருத்துவர்களே முதலில் தலையை ஸ்கேன் செய்து பார்ப்பார்கள் அல்லது ஊசியைத் தள்ளி வைப்பார்கள். அப்போதும் மருந்து தள்ளிப் போடப்படுவதில்லை.

அந்தச் சில துளிகள் சொல்லும் செய்தி வேறு எதிலும் கிடைக்காது. நலமாக இருப்பவரின் நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும். பாக்டீரியா தாக்கியிருந்தால் அரிசி கழுவிய நீர்போல் கலங்கியிருக்கும். வெள்ளணுக்கள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் தெரியும். சர்க்கரை குறைந்து புரதம் கூடியிருக்கும். 1884ஆம் ஆண்டில் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டுபிடித்த சாயத்தை ஏற்றி உருப்பெருக்கியில் பார்த்தால், கிருமி எந்த இனம் என்பது பல வேளைகளில் ஒரு மணி நேரத்திற்குள் தெரிந்துவிடும். அதை வளர்த்துப் பார்க்க ஓரிரு நாள் ஆகும். எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதை அதன்பின் உறுதியாகச் சொல்வார்கள். எந்தக் கிருமி என்று தெரியாவிட்டால், எத்தனை நாள் மருந்து, வீட்டில் மற்றவர்களுக்கும் தர வேண்டுமா, எதுவும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. குழந்தை தேவையில்லாமல் மூன்று வாரம் ஊசி வாங்க நேரலாம்.

சிகிச்சை

முன்பெல்லாம் இந்நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் இறந்தனர். 1930களில் சல்ஃபா மருந்துகளும் அதன்பின் பெனிசிலினும் வந்து நிலைமையை மாற்றின. இன்று செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். மெனிங்கோகாக்கஸ் என்றால் ஐந்து முதல் ஏழு நாள், ஹிப் என்றால் ஏழு முதல் பத்து நாள், நியூமோகாக்கஸ் என்றால் பத்து முதல் பதினான்கு நாள் என்பது பொதுவான கணக்கு. பச்சிளங் குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். காசநோய் வகைக்கு ஓராண்டு வரை மாத்திரை உண்டு. காய்ச்சல் விட்டது, குழந்தை சிரிக்கிறது என்று மூன்றாம் நாளே பெயர் வெட்டிக்கொண்டு வீட்டுக்கு அழைத்துப் போகக் கூடாது.

கிருமிக்கொல்லியோடு, முதல் ஊசிக்குச் சற்று முன்போ அதனுடனோ டெக்சாமெத்தசோன் என்ற மருந்தையும் பலருக்குத் தருகிறார்கள். உடல் நடத்தும் போரால் விளையும் வீக்கத்தைத் தணிப்பதற்கு. 2002ஆம் ஆண்டில் நெதர்லாந்து மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வுக்குப்பின் பெரியவர்களுக்கும் இது வழக்கமாயிற்று. காது கேளாமையைக் குறைப்பதில் இதற்குப் பங்குண்டு.

காது

எழுபதுகளில் என் இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். மனக்கணக்கில் கெட்டிக்காரன். பல வாரம் பள்ளிக்கு வரவில்லை. மூளைக் காய்ச்சல், பிழைத்ததே பெரிது என்றார்கள். திரும்பி வந்தபோது உடம்பு தேறியிருந்தது, ஆனால் பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டான். மற்றப் பிள்ளைகள், "கர்வம் பிடித்துவிட்டது சார்" என்று புகார் சொன்னார்கள். மேசையில் பிரம்பால் ஓங்கித் தட்டியபோது வகுப்பே துள்ளியது, அவன் மட்டும் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று மாலையே அவன் தந்தையை வரவழைத்துப் பேசினேன். ஐந்து நாள் வீட்டில் வைத்திருந்து, ஆறாம் நாள்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம் என்றார் அவர். வேறெதுவும் சொல்லத் தோன்றாமல் தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு நின்றார்.

அவன் தஞ்சோங் பூங்காவில் உள்ள செவித்திறன் குறைந்தோர் பள்ளிக்கு மாறினான். 1954ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அந்தப் பள்ளி, நாடெங்கிலுமிருந்து வந்த பிள்ளைகளை விடுதியில் வைத்துக் கற்பித்தது. வகுப்பறையில் உதட்டசைவைப் பார்த்துப் பேசப் பழக்கினார்கள். வகுப்புக்கு வெளியே அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே கையசைவில் ஒரு மொழியை உண்டாக்கிக்கொண்டார்கள். பினாங்குச் சைகை மொழி என்று ஆய்வாளர்கள் குறிப்பிடும் அந்த மொழியின் பிறப்பிடம் அதுவே. ஆசிரியர்கள் கற்றுக்கொடுக்காத ஒன்றைப் பிள்ளைகள் படைத்தார்கள் என்பது ஆசிரியனாகிய எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி. என் மாணவன் தச்சு வேலை கற்றுக்கொண்டு குடும்பத்தோடு நன்றாக இருக்கிறார். சந்தையில் பார்த்தால் கைகூப்புவார்.

செவித்திறன் இழப்பே இந்நோய் விட்டுச்செல்லும் மிகச் சாதாரணமான ஊனம். வலிப்பு, கை கால் பலவீனம், படிப்பில் மந்தம், பார்வைக் குறைவு ஆகியவையும் உண்டு. ஆகவே மூளையுறைக் காய்ச்சல் கண்டு தேறிய ஒவ்வொரு குழந்தைக்கும், வீடு திரும்பும் முன்போ அடுத்த நான்கு வாரத்திற்குள்ளோ காதைப் பரிசோதிக்க வேண்டும். அவசரத்திற்குக் காரணம் உண்டு. அழற்சிக்குப் பிறகு உட்காதில் உள்ள நத்தை வடிவ உறுப்புக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளத் தொடங்கும். அடைபடும் முன்னரே உள்ளே பொருத்தும் கருவியை வைத்தால் நன்மை மிகுதி. "பெரியவனானால் சரியாகும்" என்று இரண்டு ஆண்டு காத்திருந்தால், கருவி இருந்தும் வைக்க இடமிராது. அறக்கொடையாளர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். இத்தகைய விண்ணப்பங்கள் வரும்போது அடுத்த காலாண்டுக் கூட்டம் வரை தள்ளிப்போடலாகாது.

வருமுன் காத்தல்

குழந்தைகளைத் தாக்கிவந்த மூளையுறைக் காய்ச்சலுக்குத் தலைமைக் காரணமாக இருந்தது ஹிப் கிருமி. நம் சுகாதார அமைச்சு அதற்கான தடுப்பூசியை 2002ஆம் ஆண்டில் தேசியத் திட்டத்தில் சேர்த்தது. இப்போது இரண்டு, மூன்று, ஐந்து மாதங்களிலும், பதினெட்டாம் மாதத்திலும் போடும் ஆறு நோய்க்கான ஒரே ஊசியில் அது அடங்கியுள்ளது. நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2020ஆம் ஆண்டு டிசம்பரில் சேர்க்கப்பட்டது. நான்கு, ஆறு, பதினைந்தாம் மாதங்களில் போடுகிறார்கள். அதற்கு முன்பு தனியார் கிளினிக்கில் பணம் கட்டியவர்களுக்கு மட்டுமே அது கிடைத்தது. தோட்டத்துப் பிள்ளைக்கும் அடுக்குமாடிப் பிள்ளைக்கும் இன்று அரசு கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கிறது.

தாயகத்திலும் இலங்கையிலும் உள்ள உறவினர்களுக்கு எழுதுவோர் கவனத்திற்கு: இந்தியாவில் ஹிப் கலந்த ஐந்து நோய் ஊசி 2011ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமே தொடங்கப்பட்டது. இந்தக் கிருமிகள் இந்தியாவில் எவ்வளவு கேடு செய்கின்றன என்பதை 1990களில் பல மருத்துவமனைகளை இணைத்து ஆராய்ந்ததில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்குப் பெரும் பங்குண்டு. இலங்கையில் 2008ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய ஊசி, சில குழந்தைகள் இறந்ததாக வந்த செய்திகளால் சில மாதங்களிலேயே நிறுத்தப்பட்டது. நிபுணர் குழு ஆராய்ந்து, அந்த இறப்புகளுக்கு ஊசியே காரணம் என்பதற்குச் சான்றில்லை எனக் கூறிய பின்னர் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இப்படி ஆராய்ந்து பார்த்துச் சொல்வதற்கும், கைப்பேசியில் வரும் செய்தியை நம்பி ஊசியை மறுப்பதற்கும் வேறுபாடு உண்டு. நம் பக்கத்து மாநிலமாகிய கெடாவில் 2016ஆம் ஆண்டில் தொண்டை அடைப்பான் நோய்க்கு ஊசி போடாத பிள்ளைகள் உயிரிழந்ததைப் பத்திரிகைகளில் படித்தோம்.

மெனிங்கோகாக்கஸ் கூட்டம் கூடும் இடங்களில் பரவும் தன்மையது. 1987ஆம் ஆண்டிலும் 2000ஆம் ஆண்டிலும் மெக்கா யாத்திரையின்போது அது பரவி, திரும்பிச் சென்றவர்கள் வழியாகப் பல நாடுகளை எட்டியது. அதனால்தான் நம் முஸ்லிம் சகோதரர்கள் ஹஜ்ஜுக்குப் புறப்படும் முன் இந்த ஊசியைக் கட்டாயம் போட்டுக்கொள்கிறார்கள். ஆப்பிரிக்காவில் செனிகல் முதல் எத்தியோப்பியா வரையிலான நிலப்பகுதியில் 1996, 1997ஆம் ஆண்டுகளில் இரண்டரை லட்சம் பேருக்கு நோய் கண்டு 25,000 பேர் மடிந்தனர். பணக்கார நாடுகளின் நிறுவனங்கள் இலாபமில்லை என்று ஒதுங்கிய வேளையில், புனேயில் உள்ள சீரம் இன்ஸ்டிடியூட் ஒரு ஊசி அரை அமெரிக்க வெள்ளிக்கும் குறைவான விலையில் தடுப்பு மருந்து செய்து கொடுத்தது. 2010ஆம் ஆண்டு டிசம்பரில் புர்கினா ஃபாசோவில் தொடங்கி முப்பது கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குப் போடப்பட்டது. அந்நிலப்பகுதியில் ஏ வகைக் கிருமியால் வந்த நோய் 2017ஆம் ஆண்டுக்குப்பின் பதிவாகவில்லை. இந்தியாவில் நடந்த தொண்டு என்று நாம் பெருமைப்பட வேண்டியவற்றுள் இதையும் சேர்க்கலாம்.

கூட்டத்தில் எழுந்த கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன். மெனிங்கோகாக்கஸ், ஹிப் ஆகிய இரண்டும் கண்டவருடன் ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கும் மிக நெருங்கிப் பழகியவர்களுக்கும் ரிஃபாம்பிசின் போன்ற மருந்தை மருத்துவமனையிலேயே கொடுப்பார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம். நியூமோகாக்கஸ் என்றால் அதுவும் தேவையில்லை. முழுச் சிகிச்சை பெற்றுக் குணமான குழந்தையிடமிருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது. காது கேளாத பிள்ளையோடு உங்கள் பிள்ளை தாராளமாக விளையாடலாம்.

அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களும், நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், மண்ணீரல் இல்லாதவர்களும், காதுக்குள் கருவி பொருத்தியவர்களும் நியூமோகாக்கஸ் ஊசியைப் பற்றித் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் கிளினிக்கில் கொடுத்த பதிவுப் புத்தகத்தை இன்றே எடுத்துப் பார்க்கவும். பதினைந்தாம் மாதமும் பதினெட்டாம் மாதமும் தாய்மார் வேலைக்குத் திரும்பிவிட்ட காலம், தேதி நினைவில் நிற்பதில்லை. கட்டம் ஏதேனும் காலியாக இருந்தால், நாள் கடந்துவிட்டதே என்று தயங்காமல் தாதியரிடம் காட்டுங்கள். விடுபட்டதை எப்போது போடலாம் என்று அவர்கள் சொல்வார்கள்.